பாலகாட்டைச் சூழ்ந்த பழம்பதிகள்

கோலார்த் தங்கவயலின் பெயரைக் கேட்டறியாத தமிழர் இலர் எனலாம். ஆயினும் அவ்வயலின் வடபகுதியில் அமைந்த பாலகாட் என்னும் குடியிருப்பின் பெயரைச் சொன்னால், அதனைக் கேரளத்துப் பாலக்காடு என்றே கொள்வார் பலர். இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 'பாலா' என்பது பாரசீகச் சொல். மேல் என்று பொருள்படும். 'காட்' என்பது மலைவழியைக் குறிக்கும். முகலாயர் ஆட்சிக் காலத்து எழுத்தர்கள் கருநாடக நாட்டை இரண்டாகப் பகுத்து, மலைத்தொடருக்கு மேலே பரந்த மைசூர்ப் பீடபூமியைக் 'கருநாடகப் பாலகாட்' என்றும், கீழே கிடந்த ஆர்க்காட்டுச் சமவெளியைக் 'கருநாடகப் பாயின்காட்' என்றும் வழங்கினர். மேல்நாடு, கீழ்நாடு என்பதே அதன் கருத்து. அப்பழம் பெயரைத்தான் பிற்காலத்தில் ஆங்கிலேயரின் சுரங்கம் ஒன்றும், அதனைச் சுற்றி எழுந்த ஊரும் தாங்கி நின்றன.

பாலகாட்டின் அண்டையிலுள்ள சுரங்கங்களின் பெயர்களும் சிந்திக்கத்தக்கவையே. ஒன்று நந்திதுருக்கம், பாலாறு தோன்றும் பகுதியிலுள்ள நந்தி மலைக்கோட்டையின் பெயர் அது. மற்றொன்று கோரமண்டல், அது நம் சோழமண்டலம் என்னும் சொல் ஐரோப்பியர் நாவிற் பட்டுத் திரிந்த உருவம். பங்கு விற்கும் பொருட்டுப் பெயர் சூட்டிய வணிகர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் மெய்யாகவே ஒரு சோழமண்டலமாக இருந்தது என்பதை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். அதனைப் பின்னர்க் காண்போம்.

தங்கத்தைப் பற்றிப் பேசியோர் பலர். நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது, அத்தங்கத்தைச் சூழ்ந்து கிடக்கும் நிலத்தைப் பற்றியே. நான்கு தலைமுறையாகப் பாலகாட்டிலும் சாம்பியனிலும் மாரிக்குப்பத்திலும் வாழ்ந்த நம்மவர், நிலத்திற்குக் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை அறிந்தவர். நிலத்திற்கு மேலே இருபது மைல் சுற்றளவை நின்று நோக்கியவர் அவர்களுட் சிலரே. இதனைக் குறையாகக் கூறுகிறோம் இல்லை. சங்கு ஒலித்தவுடன் குழிக்குள் இறங்கி, மறுசங்கிற்கு மேலேறியவருக்கு ஊர் சுற்ற ஓய்வு ஏது? இன்று அச்சங்குகள் ஒலிப்பதில்லை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாளோடு பாரத தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அங்குப் பிறந்து வளர்ந்தோர் பெங்களூரிலும் சென்னையிலும் மும்பையிலும் வெளிநாடுகளிலும் சிதறி வாழ்கின்றனர். 'உங்கள் ஊர் எது?' என்று அவர்தம் பிள்ளைகளை வினவினால், மூடிய சுரங்கத்தையன்றிக் காட்டுதற்கு வேறொன்றும் அங்கு இல்லையென்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் மண்ணைப் பார்ப்போம். வயலுக்கு மேற்கே ஒரு குன்றுத்தொடர் வடக்கு தெற்காக ஓடுகின்றது. அக்குன்றின்மேல் ஏறி நின்றால், நிலத்தின் அமைப்பு கையிலிட்ட நெல்லியென விளங்கும். சுற்றிலும் வெளிறிய கருங்கற்பாறைகள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைத்தாற்போல் உருண்டு கிடக்கும். அவற்றின் நடுவே, ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமும் உடைய கரும்பாறைப் பட்டை ஒன்று வடக்கு தெற்காகக் கிடக்கின்றது. தங்கம் இருந்தது அக்கரும்பாறையிலேதான். அதன் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டு என்பர் நிலவியலார். கடலுக்கடியில் பொங்கிய எரிமலைக் குழம்பு நீரிற்பட்டுத் தலையணை தலையணையாக உறைந்த உருவங்களை இப்பட்டையில் இன்றும் காணலாம். பெத்தப்பள்ளி என்னும் இடத்திலுள்ள அத்தகைய பாறைகளை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்துள்ளது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயர்ந்த இந்நிலம் ஒருகாலத்துக் கடலடியாய் இருந்தது என்பதை அக்கல்லே சொல்கிறது.

குன்றின்மேல் நின்று கீழே நோக்குவோர் கண்ணில் முதலிற் படுவன வேறு சில மலைகள். அவை இயற்கை படைத்தன அல்ல. அரைத்துப் பொன்னெடுத்த பின் கொட்டிய கல்மாவு, நூறாண்டுக்கு மேலாகக் குவிந்து, சாம்பல் வண்ணக் குன்றுகளாக நிற்கின்றது. 'சயனைடு மேடு' என்பர் ஊரார். மழைநீர் அறுத்த வாய்க்கால்களோடு அவை பாலைநிலம் போலத் தோற்றம் அளிப்பதால், திரைப்படம் எடுப்போர் விரும்பி வருவதுண்டு. 2018-இல் வெளிவந்த கன்னடப் படம் ஒன்றும், 2024-இல் வெளிவந்த 'தங்கலான்' என்னும் தமிழ்ப் படமும் இவ்வூரின் பெயரை எங்கும் பரப்பின. காற்று வீசும் திங்களில் அம்மேட்டின் தூசி வீடுகளில் வந்து படிவதைப் படம் பார்த்தோர் அறியார். அங்கு வாழ்வோர் அறிவர். தெற்கே காமசமுத்திரம் பக்கம் சென்றால் காட்சி முற்றிலும் வேறு. அங்குள்ள காடுகள் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காடுகளை அடுத்தவை. மாநில எல்லைக்கோட்டை அறியாத யானைக் கூட்டங்கள் அவ்வழியே வந்து கேழ்வரகுக் கொல்லையில் புகுவதுண்டு.

இம்மண்ணில் பொன் உண்டென்பதை ஆங்கிலேயர் கண்டுபிடித்தனர் என்று பாடநூல்களிற் படித்திருக்கிறோம். அது பாதி உண்மை. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், மைசூர் எல்லையை அளக்க வந்த வாரன் என்னும் படைத்தலைவர், 1802-இல் இப்பகுதியிற் பொன் கிடைக்கும் என்ற பேச்சைக் கேட்டார். பொன் காட்டுவோருக்குப் பரிசு அளிப்பதாக அறிவித்தார். உரிகம் என்னும் ஊரார் மாட்டு வண்டிகளில் மண்ணை ஏற்றிவந்து, அவர் கண்முன்னே கழுவிப் பொடிப்பொன்னைக் காட்டினர். பின்னர் மாரிக்குப்பத்தில் அவர் கண்டது இன்னும் வியக்கத்தக்கது. பறையர் குலத்தினர் அங்கே குழிகள் தோண்டி, கல்லை வெட்டி, கூடைகளிற் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பிக் கொண்டிருந்தனர். பெண்கள் அக்கல்லைப் பாறையிலிட்டு இடித்துப் பொடியாக்கிக் கழுவினர். வாரன் தாமே இதனை எழுதிவைத்தார். ஆகவே வெள்ளையர் வருமுன்னரே இத்தொழில் இங்கு வாழ்ந்தது. அதனை வாழவைத்தோர் யார் என்பதும் தெளிவு.

அதற்கும் முன்னர்? பிற்காலச் சுரங்கத்தார் தோண்டியபோது, பல இடங்களில் முன்னோர் தோண்டிய பழங்குழிகளைக் கண்டனர். அவற்றுட் சில முந்நூறு அடி ஆழம் வரை சென்றன. அத்தகைய குழியொன்றிற் கிடைத்த மரத்துண்டுகளைக் கரிம முறையால் ஆய்ந்தோர், அவை ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனக் கணித்தனர். கங்கரும் பாணரும் இந்நாட்டை ஆண்ட காலம் அது. நீரை இறைக்க எந்திரமின்றி, வெடிமருந்துமின்றி, தீயிட்டுப் பாறையைச் சூடாக்கிப் பிளந்து அவ்வளவு ஆழம் இறங்கினர் என்றால், அவர்தம் திறத்தை எண்ணி வியக்காமல் இருக்க இயலாது.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவையே. நியூசிலாந்துப் போரிற் பணியாற்றிப் பெங்களூரில் ஓய்வு கொண்டிருந்த லாவெல் என்னும் அயர்லாந்து வீரர், வாரனின் பழைய குறிப்பைப் படித்துவிட்டு மாட்டு வண்டியேறி வந்தார். 1875-இல் மைசூர் அரசிடம் உரிமை பெற்றார். முதலின்றி அவர் விலக, 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சேர்ந்தனர். முதற்சில ஆண்டுகள் வெறும் நட்டமே. பழங்குழிகளுக்கும் கீழே சென்ற பின்னரே பெரும் பொன்னரம்பு அகப்பட்டது. அதாவது, பெயர் தெரியாத அப்பழந்தொழிலாளர் விட்ட இடத்திலிருந்துதான் புதிய சுரங்கம் தொடங்கிற்று. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி வீழ்ச்சியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பியிழுத்து மின்னாற்றல் கொணர்ந்தனர். பெங்களூர் நகரத்து வீதிகளில் மின்விளக்கு எரிவதற்கு மூன்றாண்டு முன்னரே இங்குக் காவிரியின் ஆற்றல் எந்திரம் ஓட்டிற்று. சாம்பியன் சுரங்கத்தின் ஆழத்தில், 1965-இல், பாரும் புவியும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை அறிவியலார் கண்டறிந்ததும் உண்டு. நம் கட்டுரைக்கு அது புறம்பாயினும், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி, நிலத்தின்மேல் நடப்போம். பாலகாட்டிலிருந்து முதலிற் செல்லவேண்டிய இடம் பேத்தமங்கலம். தொலைவு ஆறேழு மைலுக்கு மிகாது. அங்கே பாலாற்றை மறித்துக் கட்டிய பேரேரி ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கத்தார் அவ்வேரி நீரை வடிகட்டி எந்திரத்தால் ஏற்றித் தங்கவயலுக்குக் குடிநீராக அளித்தனர். ஆதலின் தங்கவயலார் அதனை நீர்நிலையமாகவே அறிவர். ஆனால் அவ்வேரியின் வயதோ ஆயிரத்துக்கும் மேல். ஊரின் பழம்பெயர் விசயாதித்தமங்கலம். விசயாதித்தன் என்னும் பாண மன்னன் பெயரால் அமைந்தது. பாணர் யார்? வல்லத்தையும் பாலாற்றங்கரையையும் ஆண்ட அதே குலத்தார். வேலூர்ப் பக்கத்துத் திருவல்லத்திலும் இப்பேத்தமங்கலத்திலும் ஒரே குலத்தின் சாசனங்கள் உள்ளன என்றால், மலைக்கு மேலும் கீழும் அக்காலத்து ஓர் ஆட்சியே நிலவிற்று என்பது பெறப்படும்.

பாணர் ஒழிந்தனர். ஏரி உடைந்தது. பத்தாம் நூற்றாண்டின் நடுவில் நுளம்ப அரசர் அதனைத் திருத்திக் கட்டினர். மீண்டும் உடைந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் போசள அரசின் தளபதி சொக்கிமய்யன் என்பான் மறுபடியும் கட்டினான். கட்டியோர் ஒவ்வொருவரும் கல்லில் எழுதிவைத்தனர். அரசு மாறினும், மொழி மாறினும், உடைந்த கரையைத் திருத்துவதே ஆள்வோர் கடன் என்னும் நினைவு மாறவில்லை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத கோலார் நாட்டில், ஏரிகளைத் தவிர மக்களுக்கு வேறு கதி இல்லை. இன்றும் அப்படித்தான். 2018 முதல் பெங்களூர் நகரத்துக் கழிவுநீரைத் தூய்மை செய்து குழாய் வழியே கொணர்ந்து கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்புகின்றனர். அதன் நன்மை தீமை பற்றி வழக்குகளும் வாதங்களும் நடந்துள்ளன. ஆயினும் வறண்டு கிடந்த ஏரிகளில் கொக்கும் நாரையும் திரும்பி வந்ததை யாரும் மறுக்க இயலாது.

பேத்தமங்கலத்துக் கரையில் நின்று ஒன்றை நினைவு கொள்ள வேண்டும். இவ்வேரியைக் கடந்து செல்லும் பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுகின்றது. அதில் 93 கிலோமீட்டர் கருநாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும், எஞ்சிய 222 கிலோமீட்டர் தமிழகத்திலும் அமைந்துள்ளன. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு எல்லாம் அதன் கரையிலுள்ளவையே. தங்கவயலுக்கு வந்த தொழிலாளரிற் பெரும்பாலோர் எங்கிருந்து வந்தனர்? வடஆர்க்காட்டிலிருந்தும், அதனையடுத்த சித்தூர், சேலம், தென்னார்க்காட்டுப் பகுதிகளிலிருந்தும். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும்பஞ்சத்தின் வடு ஆறுவதற்குள், நிலமற்ற அம்மக்கள் சோலையார்பேட்டை வழியாகப் புகைவண்டியிலும் கால்நடையாகவும் மலையேறினர். நீர் மேலிருந்து கீழே சென்றது. மக்கள் கீழிருந்து மேலே வந்தனர். பாட்டனார் காலத்தில் நீரின்றி விட்டுவந்த ஊரும், பேரர் குடித்து வளர்ந்த நீரும் ஓராற்றினவே என்பதைத் தங்கவயலாரிற் பலர் அறியாமலேயே வாழ்ந்துள்ளனர். இன்னோர் உண்மையும் உண்டு. மேலே ஏரி நிறைந்து வழிந்தாலன்றிக் கீழே ஆற்றில் நீரைக் காண்பதரிது. இதன்பொருட்டு மைசூருக்கும் சென்னைக்கும் இடையே 1892-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. அதில் பாலாறும் அடங்கும். வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை.

பேத்தமங்கலத்திற்கு வடமேற்கே சென்றால் ஆவணி. வெட்டவெளியில் தனித்து நிற்கும் பெரும் பாறைமலை அது. வால்மீகி முனிவரின் தவப்பள்ளி அங்கிருந்தது என்றும், சீதை இலவ குசரை அங்கேதான் ஈன்றாள் என்றும் மக்கள் நம்புகின்றனர். மலைமேல் சீதைக்கு ஒரு கோயில் உண்டு. மகப்பேறு வேண்டுவோர் அங்குச் செல்வர். அடிவாரத்தில் இராமேசுவரம், இலக்குமணேசுவரம், பரதேசுவரம், சத்துருக்கினேசுவரம் என நால்வர் பெயராலும் சிவன் கோயில்கள் ஒரே மதிலுக்குள் அமைந்துள்ளன. நுளம்பர் காலத்துச் சிற்பத்திறத்தைக் காண விரும்புவோருக்கு இதனினும் சிறந்த இடம் இப்பக்கத்தில் இல்லை. இலக்குமணேசுவரத்தின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். நடுவே உமாமகேசுவரரும், சுற்றிலும் எண்திசைக் காவலரும் செதுக்கப்பட்டிருக்கக் காண்பீர்கள். கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம்.

அங்குள்ள சாசனம் ஒன்று நம் உள்ளத்தை மிகவும் கவர்வது. திரிபுவனகர்த்தர் என்னும் துறவி நாற்பது ஆண்டுகள் ஆவணித் தலத்தை ஆண்டார், ஐம்பது கோயில்களையும் இரண்டு பெரிய ஏரிகளையும் அமைத்தார், கி.பி. 931-இல் மறைந்தார் என்று அது கூறுகின்றது. கோயிலோடு ஏரியையும் எண்ணிச் சொன்ன அக்கணக்கை நோக்குங்கள். துறவிக்கு ஏரி எதற்கு என்று அக்காலத்தார் கேட்கவில்லை.

ஆவணியிலிருந்து முளபாகல் அணித்தே. விசயநகரப் பேரரசின் கீழ்த்திசை வாயில் என்னும் பொருளில் 'மூடலபாகிலு' என்றிருந்த பெயரே அவ்வாறு மருவிற்று. 1768-இல் ஐதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிய களங்களுள் அதுவும் ஒன்று. மாத்துவ மரபின் பெரியாராகிய ஸ்ரீபாதராசரின் மடம் உள்ள நரசிம்ம தீர்த்தமும் அங்கேயே. அதற்கு வடக்கே குருடுமலை. ஒரே கல்லிற் செதுக்கிய, பதின்மூன்று அடிக்கு மேல் உயர்ந்த விநாயகரைக் காண மக்கள் திரள்கின்றனர். அருகிலேயே அமைதியாக நிற்கும் சோமேசுவரர் கோயிலுள் நுழைவோர் குறைவு. சோழர் காலத்துக் கட்டடக் கலையை விரும்புவோர் அதனைத் தவறவிடலாகாது.

இனிக் கோலாருக்கு வருவோம். தங்கவயலிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள இந்நகரைப் பெங்களூர் செல்லும் சாலையில் ஒரு நிறுத்தமாகவே பெரும்பாலோர் கருதுகின்றனர். அதன் பழம்பெயர் குவளாலபுரம். கங்க மன்னர் தலைக்காட்டுக்குச் செல்லுமுன் அவர்தம் தலைநகராய் விளங்கியது. தலைநகர் மாறிய பின்னும், 'குவளாலபுரத்து இறைவன், நந்திமலைக்குத் தலைவன்' என்னும் விருதை அக்குலத்தார் பல நூற்றாண்டு விடாது தாங்கினர்.

தமிழ் இலக்கணம் பயின்றோர் அனைவரும் நன்னூலை அறிவர். பவணந்தி முனிவரை அந்நூல் செய்வித்தவன் சீயகங்கன் என்பதையும் அறிவர். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவனாகிய அச்சீயகங்கன், தன் சாசனங்களில் தன்னைக் கங்க குலத்தவன் என்றும் குவளாலபுரத்துத் தலைவன் என்றும் கூறிக்கொள்கிறான். பள்ளிக்கூடத்தில் எழுத்தும் சொல்லும் நமக்குக் கற்பித்த நூல், கோலாரின் பெயரைத் தாங்கிய ஒரு தலைவனின் வேண்டுகோளால் பிறந்தது! தங்கவயல் தமிழ்ப்பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நன்னூற் சூத்திரம் ஓதிய பிள்ளைகளுக்கு இதனை யாரேனும் சொல்லியிருந்தால், தாம் அயலூரில் இருப்பதாக அவர்கள் சற்றே குறைவாக எண்ணியிருப்பர்.

கோலாரில் காணவேண்டியன பல. எனினும் கோலாரம்மன் கோயிலே முதன்மையானது. பெருங்கோபுரம் இல்லை, தாழ்ந்த, திண்ணிய கற்கட்டடம். சோழர் சாசனங்களில் இத்தேவிக்குப் 'பிடாரியார்' என்பது பெயர். இப்பக்கத்தில் அந்நாளிற் கங்கபாடியும் நுளம்பபாடியும் இராசராசன் ஆட்சிக்குட் பட்டன. கோலார் நாடு 'நிகரிலிச் சோழ மண்டலம்' என்னும் பெயர் பெற்றது. பதினொன்றாம் நூற்றாண்டில், இராசேந்திரன் காலத்திலும் முதற் குலோத்துங்கன் காலத்திலும் பொறித்த தமிழ் எழுத்துக்கள் இக்கோயிற் சுவர்களை நிரப்பியுள்ளன. குலோத்துங்கன் காலத்து நீண்ட சாசனம் ஒன்று, கோயிலிற் பணிபுரிவோர் இன்னின்னார்க்கு இவ்வளவு படி என வகுத்துக் கூறுகின்றது. அவர்களுள் இலக்கணம் கற்பிப்போனுக்கும் ஓரிடம் உண்டு. இராச மண்டபத்திற்கும் போர்க்களத்திற்கும் அப்பால், ஒரு கோயிலின் அன்றாட வாழ்வு எவ்வாறு நடந்தது என்பதை அக்கல் காட்டுகின்றது. கோயிலுக்குள் தேள் உருவான செலம்மன் சன்னிதியும் உண்டு. தேட்கடியிலிருந்து காக்கவேண்டித் தரையிலுள்ள பழைய உண்டியற் குழியில் காசு இடுவர். கல்லும் முள்ளும் நிறைந்த இந்நாட்டில் தேளுக்கு ஒரு தெய்வம் வேண்டியிருந்தது வியப்பன்று.

இச்சாசனங்களைக் கண்டு பெருமிதம் கொள்ளும் நம்மவர்க்கு ஒரு சொல். 'இந்நாடு எமதே' என்று மார்தட்டுதற்கு இக்கற்கள் இடந்தருவன அல்ல. ஆவணியிலும் பேத்தமங்கலத்திலும் கன்னட எழுத்துக்கள் அதே உரிமையோடு நிற்கின்றன. தெலுங்கு இந்நாட்டு மக்களின் வாயில் இன்றும் வழங்குகின்றது. கோலார் நகரிலேயே ஐதர் அலியின் தந்தை பத்தே முகமதுவின் அடக்கத்தலம் இருக்கின்றது. ஆயினும், 'நீங்கள் நேற்று வந்தவர்கள்' என்று எவரேனும் கூறுவராயின், அச்சொல்லுக்கும் இக்கற்கள் இடந்தரமாட்டா. இது எல்லைப்புறம். எல்லைப்புறத்து நாடு ஒரு மொழிக்கு உரியதாய் ஒருகாலும் இருந்ததில்லை. மேல்நாட்டாரும் கீழ்நாட்டாரும் வந்தும் சென்றும், ஏரி கட்டியும் ஏரி உடைத்தும் வாழ்ந்த இடம் அது. 1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோதுதான் கோடு தடித்தது. பிற மாநிலங்களில் வாழும் தமிழர், தாம் வாழும் ஊரின் பழைமையை ஆராய்ந்தால், பெரும்பாலும் இத்தகைய கலப்பையே காண்பர் என்பது நம் துணிபு.

கோலாரைவிட்டு நீங்குமுன் அந்தரகங்கைக்கு ஏறலாம். நகருக்கு மேற்கே சதசிருங்க மலையில், கல்லால் அமைந்த எருதின் வாயிலிருந்து ஊற்றுநீர் ஒழுகிக் குளத்தில் விழுகின்றது. படியேறிச் செல்லுமிடமெங்கும் மரநிழலும் குரங்குக் கூட்டமும் உண்டு. கையிற் பழம் வைத்திருப்போர் எச்சரிக்கையாக இருப்பது நன்று. ஐதர் பிறந்த பூதிக்கோட்டை, தங்கவயலுக்கு மேற்கே, பங்காருப்பேட்டை வட்டத்தில் உள்ளது. மலைமேற் சிதைந்த கோட்டையும், அடிவாரத்தில் அவன் பிறந்த இடம் எனச் சுட்டும் நினைவுக்கல்லும் காணலாம். பக்கத்தே மார்க்கண்டேய அணை. மாலைப்பொழுதில் இனிய இடம்.

இக்கோலார் மாவட்டத்தைச் சுற்றி வருவோர், ஊர்தோறும் வயலோரங்களில் வீரக்கற்களைக் காண்பர். ஆநிரை மீட்டு இறந்தவன், ஊரைக் காத்து வீழ்ந்தவன், புலியோடு பொருதவன் என எளிய குடிமக்களின் உருவமும் பெயரும் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. நம் செங்கத்து நடுகற்களின் உடன்பிறப்புக்கள் இவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மாடு மீட்டு மாண்டவனுக்கு ஊரார் ஒரு கல் நட்டனர். ஆனால், நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன்னை எடுத்துக் கொடுத்து, பாறை வெடித்தும் நுரையீரல் கல்லாகியும் மாண்ட சுரங்கத் தொழிலாளருள் எத்தனை பேருக்குக் கல் உண்டு? ஐரோப்பிய அதிகாரிகளின் கல்லறைகளில் பெயரும் ஆண்டும் இன்றும் தெளிவாகப் படிக்கக் கிடக்கின்றன. தொழிலாளரைப் புதைத்த இடங்களிற் பெரும்பாலானவை மண்மேடுகளாகவே உள்ளன. 1930-இல் கைரேகை பதியவேண்டும் என்னும் ஆணையை எதிர்த்துப் பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அவ்வெற்றியை நினைவூட்டும் தூண் ஒன்றைப் பாலகாட்டில் நாம் காணவில்லை.

கல்லில் எழுதாதவர் தாளில் எழுதினர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் வேரூன்றிற்று. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், 1914-இல் அவர் மறைந்தபின் தொய்வுற்றது. 1926-இல் அதனைத் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டவர் அப்பாதுரையார். சித்தார்த்தா புத்தகசாலை என்னும் பெயரால் பண்டிதரின் நூல்கள் இங்கேதான் அச்சேறின. இரவும் பகலும் மாறிமாறிக் குழியில் இறங்கிய மக்கள் காலணா அரையணாவாகச் சேர்த்து அச்சுக்கூலி கொடுத்திராவிடின், அந்நூல்களுட் பல நம் கைக்கு வந்திரா. சென்னையிலும் மதுரையிலும் உள்ள ஆராய்ச்சியாளர் பிற்காலத்தில் தேடி வந்து பெற்றவை அத்தாள்களே.

இவ்விடங்களை யெல்லாம் காண விழைவோர்க்கு வழி எளிது. பெங்களூரிலிருந்து பங்காருப்பேட்டை வழியாக மாரிக்குப்பம் வரை புகைவண்டி செல்கின்றது. நாள்தோறும் விடியலில் அவ்வண்டி நிறையத் தங்கவயலார் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் மீள்கின்றனர். ஆதலின் எதிர்த்திசையில் செல்லும் உங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். கோரமண்டல் நிலையத்தில் இறங்கினால் பாலகாட் அருகிலேயே. கார்த்திகை, மார்கழித் திங்கள்களே செல்லத் தகுந்த காலம். மழை ஓய்ந்து, பேத்தமங்கலத்து ஏரியில் நீர் நிற்கும். காலையில் ஏரிக்கரையும், நண்பகலுக்கு முன் ஆவணியும், மாலையில் குருடுமலையுமாக ஒருநாள் வைத்துக்கொள்ளலாம். கோலாருக்கும் அந்தரகங்கைக்கும் மற்றொரு நாள் வேண்டும். கோலாரம்மன் கோயிற் சுவரெழுத்தைப் படிக்க விரும்புவோர், 1905-இல் லூயி ரைசு அவர்கள் வெளியிட்ட கருநாடகச் சாசனத் தொகுதியின் பத்தாவது பகுதியைக் கையோடு கொண்டுசெல்வது நலம். அதில் தமிழ்ச் சாசனங்கள் தமிழ் எழுத்திலேயே அச்சிடப்பட்டுள்ளன. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும் பிற்பகலில்தான் அக்கல்லெழுத்துத் தெளிவாகத் தெரியும்.